வீணாகாத என் ஓட்டு

எங்கள் தெருவில் எனக்கு இன்னொரு பெயர் உண்டு. நானூற்றுப் பன்னிரண்டு. வாக்காளர் பட்டியலில் அது என் வரிசை எண். இந்தப் பெயரை வைத்தவர் நான்கு வீடு தள்ளி இருக்கிற ஆட்டோக்கார அண்ணன். முப்பது வருஷமாக ஒரு பெரிய கட்சிக்கு எங்கள் வாக்குச்சாவடியில் ஏஜெண்டாக உட்காருகிறவர். தெருவில் யாரைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் எண்தான் ஞாபகம் வரும், பெயர் அப்புறம். காலையில் நான் பஸ்ஸுக்கு ஓடும்போது, "என்னம்மா நானூத்திப் பன்னெண்டு, கெளம்பியாச்சா?" என்பார். பல வருஷம் அதற்குச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம். எங்கள் தெருவிலிருந்து கோபுரம் தெரியும், ஆனால் தேர் வராது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் முதலில் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் ஓட்டுக் கேட்கக் கிளம்புவார்கள். அவர்கள் சொல்வதையெல்லாம் பெருமாள் படுத்துக்கொண்டே கேட்பார். நாங்கள் வெயிலில் நின்றுகொண்டு கேட்போம். அவ்வளவுதான் வித்தியாசம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குவேன். தனியாள் என்பதால் யார் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசும் வழக்கமில்லை. தெருவில் யார் புதிதாக வந்தார்கள், யார் காலி செய்து போனார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்காகப் பின்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

குழாய் பதிக்கிறோம் என்று ஒரு வருஷம் எங்கள் தெருவைத் தோண்டினார்கள். தோண்டியவர்கள் போய்விட்டார்கள், பள்ளம் மட்டும் தங்கிவிட்டது. மழை பெய்து பள்ளமும் தெருவும் ஒரே மட்டமாகத் தண்ணீர் நின்ற ஒரு காலையில் நான் அப்போது வைத்திருந்த ஸ்கூட்டியோடு உள்ளே போனேன். வலது மணிக்கட்டு முறிந்தது. என்னைத் தூக்கித் தன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அதே அண்ணன்தான். மீட்டர் காசுகூட வாங்கவில்லை. அதற்கு முந்தைய தேர்தலில் அந்தத் தெருவைப் போட்டுத் தருவதாக எங்களிடம் சத்தியம் செய்து ஜெயித்ததும் அவருடைய கட்சிதான். அடுத்து அவர்களை ஊழல் பேர்வழிகள் என்று மேடை மேடையாகத் திட்டிய எதிர்க்கட்சி வந்தது. பள்ளத்தைச் சுற்றி ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியதுதான் அவர்கள் செய்தது.

மணிக்கட்டு கோணலாகவே கூடியது. இன்றைக்கும் ஒரு கட்டுப் பேப்பரை வலது கையால் தூக்க முடியாது. ஒவ்வொரு முறை தூக்கப் போய் வலிக்கும்போதும் இரண்டு கட்சிக்காரர்களையும் வாயில் வந்தபடி திட்டுவேன். கடைசியில், இனி இவர்கள் யாருக்கும் ஓட்டுப் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். இரண்டு தேர்தலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். மை வைக்காத விரலோடு மறுநாள் கடைக்குப் போவது எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. அவர்கள் கன்னத்தில் அறைந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். என்ன முட்டாள்தனம்!

மூன்றாவது தேர்தல் வந்தது. அண்ணன் பூத் சிலிப்போடு வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவையும் நான் வருவதாக இல்லை, போன இரண்டு தடவையும் வரவில்லை, சிலிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. என்னைத் தேற்றுகிற மாதிரி சிரித்தார்.

"அது தெரியும்மா. அதனால என்ன, உன் ஓட்ட நாங்க ஒண்ணும் வீணாக்கிடல."

எனக்கு முதலில் புரியவில்லை. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் கூட்டம் வடிந்துவிடுமாம். பட்டியலில் டிக் விழாத எண்கள் எவை என்று இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் சேர்ந்து பார்ப்பார்களாம். ஊரில் இல்லாதவர்கள், வரமாட்டேன் என்று வீம்பு பிடித்தவர்கள் ஓட்டையெல்லாம் பிரித்துக்கொண்டு, வெளியே நிற்கிற ஆட்களை விட்டுப் போடச் சொல்வார்களாம். ஒருவர் ஆளை இன்னொருவர் யார் என்று கேட்கமாட்டாராம்.

என் ஓட்டு எந்தக் கட்சிக்குப் போனது என்று கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார்.

"போன தடவ எங்களுக்கு. அதுக்கு முந்தி அவங்களுக்கு. முறை வச்சுத்தாம்மா போட்டுக்கிறது. அதுல ஏமாத்து வேலையே கெடையாது."

முறை! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கப் போடுகிறார்கள், டிவியில் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கத்துகிறார்கள், என் ஓட்டை மட்டும் குழாயடியில் குடத்துக்கு முறை வைப்பது போல் முறை வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு தேர்தலாக நான் யாரை அறைந்ததாக நினைத்தேனோ அவர்களுக்கே ஆளுக்கொன்றாக ஓட்டுப் போட்டிருக்கிறேன். அண்ணனைப் பிடித்து வாய்க்கு வந்தபடி பேசினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அவர் முகம் வாடிப்போயிற்று. தப்பு செய்து பிடிபட்டவர் முகமாக அது இல்லை, உபகாரம் செய்து ஏச்சு வாங்கியவர் முகமாக இருந்தது. அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த வாரம் தேர்தல் வேலைக்குப் போகிற வாத்தியார்களும் டீச்சர்களும் என் கடையில் குவிந்தார்கள். பயிற்சியில் கொடுத்த கையேட்டை ஆளாளுக்கு ஜெராக்ஸ் எடுத்தார்கள். மெஷின் ஓடும்போது பக்கத்தைப் படிப்பது என் பழைய கெட்ட பழக்கம். வந்திருப்பவர் உண்மையான வாக்காளர்தானா என்று ஏஜெண்ட் சந்தேகப்பட்டால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம், அதிகாரி அங்கேயே விசாரித்தாக வேண்டும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் எனக்காக இன்னொரு பிரதி எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்தேன். ஆனால் அதைச் சொல்ல ஏஜெண்டாக உட்கார வேண்டும். ஏஜெண்டாக உட்கார ஒரு வேட்பாளர் வேண்டும்.

அப்போது புதிதாக ஒரு கட்சி கிளம்பியிருந்தது. இரண்டு பெரிய கட்சிகளையும் திட்டுவதுதான் அவர்களுடைய கொள்கை, கோட்பாடு எல்லாம். வேறு எதுவும் அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் வலிக்கிற கையை வைத்துக்கொண்டு நான் கடையில் தனியாகத் திட்டிய திட்டுகளை எல்லாம் ஒருவர் மைக்கில் திட்டினால் எப்படி இருக்கும்? இனித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர்கள் பேச்சைப் போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். இவர்கள் வந்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த இரண்டு பெரிய கட்சிகளையும் தோற்கடித்தால் போதும் என்றிருந்தது.

எடமலைப்பட்டி புதூரில் ஒரு டயர் கடை மாடியில் அவர்கள் அலுவலகம் இருந்தது. பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அங்கே நான்கு பேர் நாற்காலிகளைப் போட்டு ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாக்குச்சாவடிக்கு ஏஜெண்ட் யார் என்று கேட்டேன். யாரும் இல்லை. பக்கத்துச் சாவடிக்கு? அங்கும் இல்லை. அதெல்லாம் மக்கள் பார்த்துக்கொள்வார்கள் அக்கா, அலை அடிக்கிறது என்றார்கள். அப்படியானால் நானே உட்காருகிறேன் என்றதும், வேட்பாளர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். நான் யார், எந்தத் தெரு, எதற்கு வந்தேன் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கை எப்படிக் கோணலாயிற்று என்றும் கேட்கவில்லை. ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

தேர்தலன்று காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக என் ஓட்டைப் போட்டேன். அந்தக் கட்சிக்குத்தான். பிறகு ஏஜெண்டுகள் பெஞ்சில் மூன்றாவது ஆளாகப் போய் உட்கார்ந்தேன். அண்ணன் நகர்ந்து இடம் விட்டார். மறுபக்கம் எதிர்க்கட்சி ஏஜெண்ட், பால் பூத் வைத்திருக்கிற பெரியவர். மதியம் ஒரே டிபன் கேரியரிலிருந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ஒருவர் வீட்டுச் சாம்பார், இன்னொருவர் வீட்டு வத்தக்குழம்பு. எனக்கும் ஒரு இலையில் வைத்து நீட்டினார்கள். வேண்டாம் என்று என் தயிர் சாதத்தைத் திறந்தேன். அது புளித்துவிட்டிருந்தது, ஆனாலும் ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

சாவடித் தலைமை அதிகாரி வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியார். முதல் நாளே வந்து பெஞ்சில் படுத்து, கொசுக்கடியில் தூங்காமல், கண்கள் சிவந்திருந்தன. மணி ஐந்தாயிற்று. கூட்டம் வடிந்தது. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைப் புரட்டினார். பால் பூத் பெரியவர் வாசலை எட்டிப் பார்த்தார். புடவை முந்தியில் முடிந்து வைத்திருந்த இரண்டு ரூபாய் நாணயத்தை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். இருபது வயதைத் தாண்டியிருக்காது. துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். முதல் அலுவலர் சிலிப்பை வாங்கிப் பெயரையும் எண்ணையும் உரக்கப் படித்தார். எங்கள் தெரு முகவரி. என் வீட்டிலிருந்து ஆறாவது வீடு. அந்த வீட்டில் ஒரு அம்மாளும் அவர் மகனும்தான் இருக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயம். இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. எழுந்து நின்றேன்.

"ஆட்சேபம். இவங்க இந்தத் தெருவே இல்ல."

நாணயத்தை மேஜையில் வைத்தேன். அதிகாரி என்னைப் பார்த்தார், நாணயத்தைப் பார்த்தார். இத்தனை வருஷ வேலையில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கையேட்டைத் தேடினார். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்லி மாட்டினால் ஜெயில் தண்டனை என்று அவர் சட்டப்படி படித்துக் காட்டப் படித்துக் காட்ட, அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது. பையிலிருந்து ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை வரை எடுத்து மேஜையில் வைத்தாள்.

அண்ணன் தன் இடத்திலிருந்தே பேசினார். குரலில் கேலி துளியும் இல்லை. அந்த வீட்டு மகனுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது, துறையூரிலிருந்து வந்த மருமகள், மாமியார் படுத்த படுக்கையாகக் கிடப்பதால் வெளியே தலைகாட்ட முடிவதில்லை, பெயர் சேர்க்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே தான்தான் என்று ஒன்று விடாமல் சொன்னார். என் வீட்டிலிருந்து ஆறாவது கதவு. இரண்டு வருஷம். கல்யாணப் பத்திரிகை எனக்கும் வந்திருக்கும், டிவி மேல் எங்கேயாவது கிடந்திருக்கும். கள்ள ஓட்டுப் போடுகிற மனுஷனுக்குத் தெரிந்த முகம், அதைப் பிடிக்க வந்த எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு இது மொத ஓட்டுங்கக்கா" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அவள் ஓட்டுப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பாமல் போனாள். ஆட்சேபம் நிற்கவில்லை, ஆனால் நல்லெண்ணத்தில்தானே செய்தீர்கள் என்று அதிகாரி நாணயத்தை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. அது மை பாட்டில் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

அதன் பிறகு ஆறு மணிக்குள் எட்டோ ஒன்பதோ பேர் வந்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தேன். சிலர் நிச்சயமாகத் திருடர்கள். ஆனால் எவர் திருடர், எவர் ஆறாவது வீடு என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை நான் எழுந்து நிற்கவில்லை. அண்ணனும் பெரியவரும் மாறி மாறிப் பட்டியலில் டிக் போட்டார்கள். முறைப்படி. பிறகு இயந்திரத்தை மூடி முத்திரை வைத்தார்கள். பதிவான ஓட்டுக் கணக்கின் பிரதி ஒன்றை எனக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினார்கள். கோணல் கையால் போட்டேன். இரண்டு தேர்தலாக என் ஓட்டைத் திருடினார்கள் என்று கத்தியவள், அன்றைக்குத் திருடிய ஓட்டுகளின் கணக்குக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அந்தக் கட்சி தோற்றது. அது எனக்குப் பெரிய அதிர்ச்சியில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணன் ஆட்டோவை ஓரம் கட்டி, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எங்கள் வேட்பாளர், படிவத்தில் கையெழுத்துப் போட்ட அதே ஆள், அண்ணனுடைய கட்சி மேடையில் புதுக் கரை வேட்டியும் சால்வையுமாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். தாய்க் கழகத்துக்கே திரும்பிவிட்டாராம்.

"பாத்தியாம்மா, உன் ஓட்டு எங்கயும் போயிடல. சுத்திச் சுத்தி நம்மகிட்டயே வந்துருச்சு" என்றார் அண்ணன்.

குத்திக் காட்டச் சொன்னதில்லை. அவருக்கு அது நிஜமான சந்தோஷம். சண்டை போட்ட தங்கை வீடு திரும்பிவிட்ட மாதிரி முகம் மலர்ந்திருந்தது. பஸ் ஏறினேன். பாலம் தாண்டும் வரை எனக்குப் பல் கடித்துத் தாடை வலித்தது. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. திட்டுவதற்கென்று நான் பிடித்த ஆளும் அவர்களோடு போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கவில்லை. கடையிலிருந்து வாக்காளர் பட்டியலில் எங்கள் தெருப் பக்கங்களை ஒரு பிரதி எடுத்து வந்திருந்தேன். அடுத்த தடவை எந்தக் கட்சி படிவம் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், எந்த முகம் எந்த வீடு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். முதலில் ஆறாவது வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள்தான் திறந்தாள். கையில் மாமியாருக்குக் கரைத்த கஞ்சி டம்ளர். அடையாளம் தெரிந்துகொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். என் பெயரைச் சொன்னேன், எந்த வீடு என்று கை காட்டினேன். அவள் டம்ளரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கு உங்க மேல கோவம்தாங்க்கா. ஆனா அங்க அத்தன பேர் சும்மா உக்காந்திருக்கையில நீங்க ஒருத்தர்தான் எந்திரிச்சுக் கேட்டீங்க. அதப் பாத்துட்டு, நீங்க உக்காந்திருந்த கட்சிக்கே போட்டேன்."

அதன் பிறகு அவள் கேட்டாள், அந்தக் கட்சி வேட்பாளர் இப்போது என்ன செய்கிறார் என்று. அவள் வீட்டில் டிவி ஓடுவதில்லை, மாமியாருக்குச் சத்தம் ஆகாதாம். கையில் பட்டியலை வைத்துக்கொண்டு, அவளுடைய முதல் ஓட்டு எங்கே போயிற்று என்று நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.